கண்ணு ஒண்ணுக்குப் போகிற இடம்

மணி பத்து இருபது, நாய்க்குட்டி இன்னும் போகவில்லை. காலை ஆறு மணிக்குப் பூஜை அலமாரிக்குக் கீழே போனதுதான் கடைசி. அதற்குப் பிறகு அரை டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தண்ணீரும் நான் அசந்த நேரத்தில் ஒரு கதலிப்பழமும் உள்ளே போயிருக்கின்றன, ஒன்றும் வெளியே வரவில்லை. எங்கேதான் வைத்திருக்கிறதோ, உரிக்காத தேங்காய் அளவுக்குத்தான் மொத்த உடம்பே இருக்கிறது. கூடத்து நடுவில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இடது கண்ணுக்கு அடுப்பு தெரிய வேண்டும், வலது கண்ணுக்கு நாய் தெரிய வேண்டும். தரையை மோந்துகொண்டே வட்டம் போட ஆரம்பித்தால் அள்ளிக்கொண்டு பின்பக்கம் ஓட வேண்டும், அதுதான் விதி, பெங்களூரிலிருந்து மகள் தாரணி போனில் சொன்ன விதி. ஐம்பத்திரண்டு வயதில், மூட்டு வலியோடு, புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்தில், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், ஒரு நாய் ஒண்ணுக்குப் போவதற்காகக் காத்திருக்கிறேன். சாந்தாமணி, உனக்கு ஜாதகம் எழுதின ஆள் இதை எந்தக் கட்டத்தில் எழுதினானோ. ஒரு மணிக்கு என் தம்பி நாச்சிமுத்து அன்னூரிலிருந்து வருவான், விரதச் சாப்பாடு சாப்பிடுவான், போகும்போது நாயைத் தன் வேனில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவான். நேற்றுப் பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்தில், நான்தான் போன் செய்து சொன்னேன். "நாளைக்கு ஒரு மணிக்குள்ள ஒரே ஒரு தடவ வெளிய போச்சுன்னா இருக்கட்டும் நாச்சி, இல்லாட்டி நீ கொண்டுபோயிரு." என் வீட்டுக்காரர் அந்த சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார், கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. காலையில் குளித்து நாமம் போட்டுக்கொண்டு காரமடைக் கோயிலுக்கு பஸ் ஏறிப் போய்விட்டார். போகும்போது நாயின் தலையில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார், என்னிடம் மட்டும் போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

பதினொரு நாள். கோயில் நோம்பிக்குக்கூட எங்கள் ஊரில் பதினொரு நாள் இப்படிக் கண் விழித்ததில்லை. தாரணி தன் சிநேகிதி வீட்டுக் குட்டி என்று ஒரு கூடையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அப்பாவுக்குத் துணை என்று சொல்லிவிட்டு, மறுநாளே பஸ் ஏறிவிட்டாள். துணை அப்பாவுக்கு, துடைப்பம் அம்மாவுக்கு. முதல் நாளே பூஜை அலமாரி முன்னால் போனது. இரண்டாம் நாள் அரிசி டிரம் பக்கத்தில். அப்புறம் கூடத்து மூலை, கட்டில் கால், தாரணியின் பழைய மேஜைக்கு அடியில், மறுபடியும் பூஜை அலமாரி. மணிக்கொரு தரம் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போகிறேன். அரை மணி நேரம் நான் வெயிலில் நிற்பேன், அது செம்பருத்தியை மோந்து பார்க்கும், எறும்பை வேடிக்கை பார்க்கும், கொய்யா மரத்தடியில் படுத்துக் காலை நீட்டும். உள்ளே வந்து மூன்று நிமிஷம் ஆகியிருக்காது, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு தவம் மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிர்வீட்டு வசந்தாமணி வந்து மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்துவிடு, அப்போதுதான் புத்தி வரும் என்றாள். ஐந்தாம் நாள் அதையும் செய்தேன். செய்துவிட்டு நிமிர்ந்தால் அவர் வாசற்படியில் நிற்கிறார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், கணக்குச் சரியாகியிருக்கும். அவர் வெந்நீர் வைத்து, துணியை நனைத்து, அதன் மூக்கைத் துடைத்தார், நான் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாரணியைக் கேட்டால், "மூத்திர வாடை இருந்தா அதே எடத்துக்குத்தாம்மா போகும், நல்லாக் கழுவு" என்கிறாள். எனக்குக் கழுவுவதற்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்து, அதோடு விட்டேனா, தீட்டுப் போக வேண்டும் என்று கோமியமும் தெளித்தேன். மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட அந்த பாட்டில் மாதத்துக்கு ஒன்று ஆகும், இந்தப் பதினொரு நாளில் மூன்று காலி. இதற்கு மேல் ஒரு வீட்டை எப்படிச் சுத்தமாக வைப்பது.

பதினொன்று அடித்துவிட்டது. படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது. என்ன பார்வை, போடா. கண்ணு என்று கூப்பிட்டால்தான் வாலை ஆட்டுவாயோ. தாரணி வைத்த பேர் சாக்கோ. அந்தப் பேரில் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது வந்த அன்றே அவர் கண்ணு என்று ஆரம்பித்துவிட்டார். கண்ணு. எங்கள் பக்கத்தில் எல்லாரும் எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள், பால்காரர் பஸ் கண்டக்டர் எல்லாரும், இவர் மட்டும் இருபத்தெட்டு வருஷத்தில் ஒருத்தரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, பெற்ற மகளைக்கூட. பேச்சே கிடையாது. பவுண்டரியில் முப்பத்தாறு வருஷம், இரும்பு உருக்குகிற இடத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது, அதனால் கையைக் காட்டியே பழகிவிட்டது என்று ஆரம்பத்தில் நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். காப்பி வேண்டுமா என்றால் தலை ஆடும். கல்யாணத்துக்குப் போகலாமா என்றால் சட்டையை மாட்டுவார். தாரணி இருந்தவரை தெரியவில்லை, அவள் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள், அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு, அம்மாகிட்டச் சாவி எங்கேன்னு கேளு. அவள் வேலைக்குப் போன பிறகுதான் வீட்டில் டிவி மட்டும் பேசுகிறது என்பதே காதில் விழுந்தது. பண்ணுகிற சாம்பாருக்கு உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட ஒரு மனுஷிக்குச் சொல்ல ஆளில்லை. நாய் வந்த மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம், அடுக்களையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன், ஜன்னலுக்கு வெளியே யாரோ பேசுகிற சத்தம். நிறுத்தாமல், ஏற்ற இறக்கத்தோடு, ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குக் கதை சொல்கிற மாதிரி. சொந்தபந்தம், ஒறம்பறை யாரோ பின்பக்கமாக வந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கையைக் கழுவிக்கொண்டு எட்டிப் பார்த்தால், கொய்யா மரத்தடியில் முக்காலி போட்டு இவர் உட்கார்ந்திருக்கிறார், மடியில் அது.

"அன்னிக்கு எனக்குப் பதினேழு வயசு கண்ணு. செருப்புத்தான் போட்டிருந்தேன், பூட்ஸ் எல்லாம் ஆரு குடுத்தாங்க. மேல இருந்து உருக்குன இரும்பு ஒரு சொட்டு, ஒரே சொட்டு, பாதத்து மேல உளுந்துது. கத்துனேன். ஆருக்கும் கேக்கல. அப்பறம் கத்தறதையே உட்டுட்டேன்." அந்தத் தழும்பை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் எண்ணெய் தேய்த்துவிடும்போது கேட்டேன், ஒண்ணுமில்லை என்றார், காலை இழுத்துக்கொண்டார். எனக்கு ஒண்ணுமில்லை, நாய்க்கு மட்டும் கதை. அன்றைக்கு மாவில் உப்பை இரண்டு தடவை போட்டேன், அவர் இரண்டு தோசையையும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். பொறாமை என்று சொன்னால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும், பொறாமைதான், ஒரு நாயைப் பார்த்து, அதுவும் வாய் பேசாத நாயைப் பார்த்து. ஆனால் அதற்கப்புறம் தினமும் ஐந்து மணிக்கு அடுக்களை ஜன்னலுக்குப் பக்கத்தில் எனக்கு ஏதோ ஒரு வேலை வந்துவிடுகிறது. கொத்தமல்லி ஆய்வேன். ஆய்ந்த கொத்தமல்லியை மறுபடியும் ஆய்வேன். இந்தப் பதினொரு நாளில் அவருடைய அப்பா எதற்காகச் சொந்த அண்ணனோடு பேசாமல் போனார் என்று தெரிந்துகொண்டேன், பவுண்டரியில் இவருக்கு இருந்த ஒரே சிநேகிதன் பெயர் தெரிந்துகொண்டேன், இதயத்தில் ஸ்டென்ட் வைத்த அன்று ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு மேலே ஓடுகிற விளக்குகளை எண்ணினார் என்று தெரிந்துகொண்டேன். பதினான்கு விளக்காம். நான் பக்கத்தில்தான் நடந்து வந்தேன், கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன், பயமாக இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டினார். என்னைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. அதற்காகத்தான் அந்த ஜன்னலில் நிற்கிறேனோ, அல்லது வந்துவிடுமோ என்ற பயத்தில் நிற்கிறேனோ, எனக்கே தெரியவில்லை. நாய் போய்விட்டால் இந்தக் கதையெல்லாம் எங்கே போகும். மனசில் எதையும் அடக்கி வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார், இவர் அதற்கும் தலையைத்தான் ஆட்டினார். அப்படியென்றால் எதற்காக நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தாய் சாந்தாமணி? ஒண்ணுக்குத்தான், ஒண்ணுக்குத்தான், பூஜை அலமாரிக்கு முன்னால் போனால் எந்தப் பெண்பிள்ளை பொறுத்துக்கொள்வாள். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

பதினொன்றே முக்கால். எழுந்தது. நானும் எழுந்தேன். தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய் இரண்டு நக்கு நக்கிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. நான் எழுந்த முட்டி வலிதான் மிச்சம். வாழைக்காய்ப் பொரியல் ஆகிவிட்டது, பருப்புக் குழம்பு கொதிக்கிறது, வடைக்கு ஊறவைத்ததை இனிமேல்தான் அரைக்க வேண்டும், படைக்காமல் வாயில் வைத்துப் பார்க்கவும் கூடாது. பசியில் கண் லேசாக இருட்டுகிறது. இது எப்படி அடக்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கப் பார்க்க எனக்கு அடிவயிறு வலிக்கிறது, என் வயிறுதான் வலிக்கிறது. அடக்குவதைப் பற்றி என்னிடம் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அன்னூர்ப் பள்ளிக்கூடத்தில் எண்ணூறு பிள்ளைகள், பெண்பிள்ளைகளுக்கு என்று ஒரு மறைவு கிடையாது. விடிவதற்கு முன்னால் சோளக்காட்டுக்குப் போனால் போனது, அப்புறம் இருட்டினால்தான். நடுவில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, எல்லாப் பெண்பிள்ளைகளும் தானாகவே கற்றுக்கொண்டோம். ஏழாம் வகுப்பில் கணக்கு டீச்சர் என்னை முன்னால் நிற்கவைத்து வாய்ப்பாடு சொல்லச் சொன்னார், பதினாறாம் வாய்ப்பாடு, காலை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நின்றேன், எட்டு வரைக்கும் சொன்னேன், ஒன்பதாவதைச் சொன்னால் வேறு ஏதாவது ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். தெரியாதவள் என்று பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். பதினாறு ஒன்பது நூற்று நாற்பத்து நான்கு, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நின்றேன், மணி அடிக்கும் வரை நின்றேன், ஒரு சொட்டு விடவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, அதுதான் இந்தத் தேங்காய் அளவு நாய் மேல் வந்து விடிகிறதோ என்னவோ. எங்களுக்கு எங்கேயும் கூடாது, இந்த மகராசனுக்கு எங்கே வேண்டுமானாலும். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, எவ்வளவு நிம்மதி அந்த முகத்தில். நான் மட்டும் அப்படி ஒரு முகத்தோடு ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கிறேனா.

பன்னிரண்டு பத்து. இனிமேல் நாயைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பெருமாளுக்குப் பட்டினிதான். ஆறு மணிக்குப் போன இடத்தை அப்போதே கழுவியாகிவிட்டது, ஆனாலும் விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் கூடம் முழுக்க ஒரு தடவை கோமியம் தெளித்துவிடலாம் என்று புது பாட்டிலை எடுத்தேன். விரத நாள், கூடுதலாகத் தெளித்தால் குறையா வந்துவிடும். ஓட்டை போட்ட பழைய மூடியைத்தான் இதற்கும் மாட்டினேன், அது சரியாகத் திருகவில்லை. டிவி ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு உதறு உதறினேன், மூடி தெறித்துப் போய் சோபாவுக்கு அடியில் விழுந்தது, கால் பாட்டில் அப்படியே தரையில் கொட்டிவிட்டது. டிவி ஸ்டாண்டு பக்கம் இந்த நாய் ஒரு நாளும் போனதில்லை, அது ஒன்றுதான் வீட்டில் சுத்தமான இடம், அதையும் நானே நனைத்தேன். குனிந்து மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன், நகம் தரையில் கீறுகிற சத்தம் கேட்கிறது. எழுந்துவிட்டது. மூக்கு முன்னால் வருகிறது, நாய் பின்னால் வருகிறது. பூஜை அலமாரியைத் தாண்டியது. அரிசி டிரம் இருக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக, என் காலுக்கு முன்னால், அந்த ஈரத்துக்கு வந்தது. மோந்தது. ஒரு வட்டம். இரண்டு வட்டம். அள்ளிக்கொண்டு ஓடு, அதுதானே விதி, கைக்கு எட்டுகிற தூரம்தான், ஆனால் நான் ஒரு கையில் பாட்டிலோடு குனிந்தபடியே நிற்கிறேன். உட்கார்ந்தது, கண்ணை அரைவாசி மூடியது, ஆறு மணி நேரத்துச் சரக்கு முழுவதும் கோமியத்தின் மேல் போய்க்கொண்டே இருந்தது. நான் பாட்டிலைப் பார்த்தேன். நாயைப் பார்த்தேன். மறுபடியும் பாட்டிலைப் பார்த்தேன். பசு விட்டதாக இருந்தால் என்ன, மூத்திரம் மூத்திரம்தானே, அதன் மூக்குக்கு என்ன தெரியும் புண்ணியமும் தீட்டும்.

முதல் நாள் என்ன செய்தேன்? நாய் வீட்டுக்குள் வந்துவிட்டதே என்று, அது எங்கேயும் போவதற்கு முன்னாலேயே, பூஜை அலமாரி முன்னால்தான் முதலில் தெளித்தேன். அடுத்த நாள் அரிசி டிரம், அன்னலட்சுமி இருக்கிற இடமாயிற்றே என்று. கட்டில் கால், கூடத்து மூலை, தாரணி மேஜை. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க நினைத்துப் பார்க்க முதுகில் வேர்த்தது. நான் எங்கெங்கே தெளித்தேனோ அங்கங்கே போயிருக்கிறது, போன இடத்தில் நான் இன்னும் கொஞ்சம் தெளித்திருக்கிறேன், அது இன்னும் நன்றாகப் போயிருக்கிறது. பதினொரு நாளாக நான்தான் இடம் காட்டிக்கொடுத்தேன், அது சொன்ன பேச்சுக் கேட்டது. சொன்ன பேச்சுக் கேட்டதற்கு மூக்கைத் தரையில் தேய்த்தேன். எத்தனை பேச்சுப் பேசினேன், எருமை என்றேன், பீடை என்றேன், உன்னால் வீடு விளங்காது என்றேன். வசந்தாமணி மட்டும் இதைக் கேட்டால் தெரு முழுக்கப் படம் போட்டுக் காட்டுவாள். சோப்புத் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கழுவித் துடைத்தேன், கோமியம் தெளிக்கவில்லை. பெருமாளே, இன்றைக்கு ஒரு நாள் நீர் கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளும். துடைக்கத் துடைக்க இன்னொரு நினைப்பு வந்து உட்கார்ந்தது, விரத நாளில் வரக்கூடாத நினைப்பு. இந்தக் கோமிய விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். மணி பன்னிரண்டரை, உள்ளேதான் போயிருக்கிறது, நான் சொன்ன கெடு அப்படியே நிற்கிறது. பேசாமல் இருந்தால் நாச்சிமுத்து கொண்டுபோய்விடுவான், வீடு பழையபடி ஆகிவிடும், ஒரு அசட்டு வேலை செய்தவள் என்று யார் வாயிலும் விழ வேண்டியதில்லை. பழையபடி என்றால் எப்படி. ஐந்து மணிக்கு ஜன்னலுக்கு வெளியே முக்காலி இருக்கும், அவர் இருப்பார், சத்தம் இருக்காது. என் மேல்தான் தப்பு என்று அவரிடம் ஒத்துக்கொண்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. அவர் குற்றம் சொன்னதில்லை, அதனால் நானும் ஒத்துக்கொள்ள வேண்டி வந்ததில்லை. கேட்காத மனுஷரிடம் போய் என்னவென்று சொல்வது. வடையைத் தட்டிப் போட்டேன், முதல் ஈடு கருகிவிட்டது. இரண்டாவது ஈட்டை எடுத்து வைத்துவிட்டு, மிச்ச பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். நாய் பின்னாலேயே வந்தது. கொய்யா மரத்தடியில் ஒரு சொட்டு விடாமல் ஊற்றினேன். மோந்தது, வட்டம் போட்டது, உட்கார்ந்தது. உள்ளே ஒன்றும் மிச்சமில்லை பாவம், முக்கி முக்கி மூன்று சொட்டு விட்டது. விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. "கண்ணு" என்றேன், என்னை அறியாமல்தான் வந்தது. வாலை ஆட்டியது. அப்போது வாசலில் வேன் ஹாரன் அடித்தது, ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

நாச்சிமுத்து சுற்றிக்கொண்டு பின்பக்கமே வந்தான், தோளில் புதுக் கயிறு. அவனுக்குப் பின்னால் இவர், பஸ் ஸ்டாப்பில் பார்த்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். கையில் துளசி மாலை, கண் நேராக மரத்தடிக்குப் போய் நாயைப் பார்த்துவிட்டுத் தரைக்கு இறங்கியது.

"என்னக்கா, போச்சா இல்லையா?" என்றான் நாச்சிமுத்து. "கயிறு எல்லாம் கொண்டாந்துட்டேன்."

"கயித்த வேன்லயே போடு" என்றேன். "நாய் எங்கயும் வரல. தப்பு நாய் மேல இல்ல, என்ற மேல." ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பாட்டில், மூடி, டிவி ஸ்டாண்டு, பூஜை அலமாரி, அரிசி டிரம், மூக்கைத் தேய்த்தது, எல்லாம் சொன்னேன், அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், சொன்னது இவருக்கு. நாச்சிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அட சாமி, ஊரே தீட்டுப் போறதுக்குத் தெளிக்கும், எங்கக்கா நாய்க்குக் கக்கூஸ் கட்டறதுக்குத் தெளிச்சிருக்கறா."

இவர் சிரிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. துளசி மாலையை என் கையில் கொடுத்துவிட்டு மரத்தடியில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். நாய் அவர் கைக்குள் தலையை நுழைத்தது. போச்சு, இனிமேல் இவரிடமிருந்து எனக்கு ஒரு வார்த்தையும் வராது என்று நினைத்தேன், அழுகையே வந்துவிடும் போல இருந்தது. அப்போது ஆரம்பித்தார், நாயிடம்தான், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் நிற்பது தெரிந்துதான்.

"உங்கம்மா திட்டுனத மனசுல வெச்சுக்காத கண்ணு. அவளுக்கு அடக்கித்தான் பழக்கம். கண்ணாலத்தன்னிக்கு வெடியால மூணு மணிக்கு மணவறையில உக்கோந்தவ, மத்தியானம் கார்ல ஏத்தற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. ஒருத்தரும் கேக்கல. கோவில்பாளையம் தாண்டறதுக்குள்ள மூஞ்சி வெளுத்துப்போச்சு, வாயத் தொறக்கோணுமே. அப்பறம் நாந்தான் தண்ணி தவிக்குதுன்னு டிரைவர்கிட்டச் சொல்லி எங்க பெரிம்மா ஊட்டு முன்னால நிறுத்தச் சொன்னேன். எனக்கென்ன தாகம். மண்டபத்துலயே நாலு கலர் சோடா குடிச்சிருந்தேன்."

அந்த வீடு எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெரியம்மா என் கையைப் பிடித்து நேராகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார், பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன். அன்றைக்குத்தான் தாலி கட்டின, யாரென்றே தெரியாத இந்த மனுஷருக்கு அந்த நேரம் பார்த்துத் தாகம் எடுத்தது என் அதிர்ஷ்டம் என்று இருபத்தெட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது. துளசி மாலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நானும் நாய்க்கு எதிரில் போய் உட்கார்ந்தேன், முட்டி இரண்டும் கத்தின.

"இத ஏன் இத்தன வருசமாச் சொல்லலைன்னு கேளு கண்ணு."

அவர் அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். "சொன்னா அவளுக்கு வெக்கமாப் போயிருமேன்னுதான் இருந்துட்டேன்னு சொல்லு."

நாச்சிமுத்து கயிற்றைத் தோளிலிருந்து எடுத்துச் சுருட்டிக்கொண்டு, வேனில் ஏதோ மறந்துவிட்டதாகச் சொல்லி வாசலுக்குப் போனான். நாய் இவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, யார் அடுத்தது பேசுவது என்று காத்திருந்தது.

"இன்னும் என்னென்ன வெச்சிருக்கறாருன்னு கேளு" என்றேன்.

"சோத்தப் போடச் சொல்லு கண்ணு. ஒண்ணொண்ணாச் சொல்றேன்."

பெருமாளுக்குப் படைத்து, காக்காய்க்கு வைத்துவிட்டு, இலையைக் கூடத்தில் போடப் போனவள் நின்று யோசித்தேன். நாய் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த மனுஷர் வாயைத் திறக்க மாட்டார். மூன்று இலையையும் பின்பக்கம் கொய்யா மரத்தடிக்குப் பக்கத்திலேயே போட்டேன்.